அல்லி யாருடைய எருமை

அல்லியின் கழுத்துப் பட்டை வேறொருத்தியின் பெயரைச் சொன்ன காலையில், கோகிலவாணி அந்த எருமையின் மடியைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெந்நீர்ச் செம்பு, முழங்கை வரை ஈரம். கிளுவை வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு வந்த கால்நடை வாரிய ஆய்வாளர் இர்பான், தன் கைக்கருவியைப் பட்டையின் மேல் வைத்துப் பார்த்தான். எடுத்துச் சட்டையில் துடைத்தான். மறுபடியும் வைத்துப் பார்த்தான்.

"என்ன தம்பி, வேலை செய்யலையா?"

"செய்யுதுங்க்கா. பேரு வந்துருச்சு."

"அப்பறம் என்ன. என்ற பேரைப் போட்டுட்டுக் காப்பி குடிச்சுட்டுப் போ."

இர்பான் கருவியைப் பார்த்தபடியே கேட்டான். "சஷ்டிகாங்கறது யாருங்க்கா?"

கோகிலவாணி சிரித்துவிட்டாள். சஷ்டிகா அவள் கொழுந்தனார் நவநீதனின் மனைவி. பெங்களூரில் நவநீதன் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு இருவரும் ஊருக்கு வந்து, தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு இருந்தார்கள். சஷ்டிகாவுக்கு எருமையில் பால் கறக்கத் தெரியாது. சாணி அள்ளியதில்லை. பொழுது சாயும் நேரத்தில் மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் வந்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கடலை தின்றுவிட்டுப் போவாள். அவ்வளவுதான்.

"உன்ற மெசினுக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சு. வேற ஒன்னு கொண்டா" என்றாள்.

"போன மாசமும் இதே பேருதாங்க்கா வந்துச்சு. தப்பா இருக்கும்னு நான் பதியாம உட்டுட்டேன். இனி உட முடியாதுங்க."

அவள் கையிலிருந்த ஈரத் துணி அல்லியின் மடியிலேயே நின்றுவிட்டது.

இந்தப் பட்டை வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். நகரங்களில் பெரிய பெரிய இரும்புத் தொட்டிகளில் நுண்ணுயிர்களை வளர்த்துப் பால் எடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு, மாடு வைத்திருந்தவர்கள் பிழைப்பு சரிந்துபோனது. தொட்டிப் பாலின் ருசியிலோ ஆடையிலோ தயிரிலோ யாரும் குறை சொல்ல முடியவில்லை. விலையோ தண்ணீர் விலை. கரட்டுப்பாளையத்தில் பாதிப் பேர் மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்ற அரசு ஒரு வழி பார்த்தது. மாட்டுப் பாலை இன்னமும் விரும்பி வாங்குகிறவர்கள் வசதியுள்ளவர்கள். அவர்களுக்கு ஓர் உறுத்தல் இருந்தது. தொட்டியிலேயே பால் கிடைக்கும்போது ஓர் உயிரை எதற்காக வருத்த வேண்டும் என்ற உறுத்தல். அந்த உறுத்தலுக்கு மருந்தாக வந்தது நிம்மதிப் பட்டை. மாட்டின் நாடித் துடிப்பையும் அசைபோடும் தாளத்தையும் வேர்வையையும் வைத்து, அது நிம்மதியாக இருக்கிறதா என்று பட்டை சொல்லும். நிம்மதி என்றால் பச்சை விளக்கு, கலக்கம் என்றால் மஞ்சள், வேதனை என்றால் சிவப்பு. பச்சை எரியும் மாட்டின் பாலுக்கு அரசு நல்ல விலை கொடுத்தது. மஞ்சளுக்குக் கொள்முதலே கிடையாது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு பணக்காரர்கள் உள்ளே வந்தார்கள். கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு, கூலிக்கு ஆள் வைத்து, நூற்றுக்கணக்கில் எருமைகளை வாங்கிக் கட்டினார்கள். மாட்டோடு மாடாகக் கிடக்கிறவனுக்குக் கூலி, முகத்தைக்கூடப் பார்க்காதவனுக்கு அரசு விலை. இதைத் தடுக்கத்தான் பேணுநர் விதி வந்தது. யார் பக்கத்தில் இருக்கும்போது மாடு மிக நிம்மதியாக இருக்கிறதோ அவரே பேணுநர். குரலையும் காலடியையும் வைத்துப் பட்டையே ஆளைக் கண்டுபிடித்துவிடும். மந்தைக்கு முன்னால் நடக்கும் எருமையின் பட்டை யார் பெயரைச் சொல்கிறதோ, மொத்த மந்தையின் பால் விலையும் அவர் பெயருக்குத்தான் போகும். கோகிலவாணியின் மந்தைக்கு முன்னால் நடப்பது அல்லி.

இந்த விதி வேண்டும் என்று தாராபுரத்தில் கூட்டம் நடந்தபோது மேடையேறிப் பேசியவள் கோகிலவாணி. "கையில சாணி ஒட்டுனவளுக்குத்தான் மாடு சொந்தம்" என்று அவள் சொன்னதற்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தப் பேச்சை நவநீதன் படம் பிடித்து உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தான்.

அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. பூபதி தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து மனைவியின் எதிரில் உட்கார்ந்தார்.

"இப்ப என்ன ஆயிப்போச்சு? நம்ம ஊட்டுக்குள்ளயேதான இருக்குது. நவநீதன் என்ன அடுத்தவனா?"

"நான் பணத்தப் பத்திப் பேசறனா?"

"பின்ன எதப் பத்தி?"

அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அல்லி பிறந்தபோது தாய் எழுந்திருக்காமல் கிடந்தது. புட்டியில் பால் ஊட்டி, சாக்கைப் போர்த்தி, மாட்டுச் சாளையிலேயே படுத்துக் காப்பாற்றியவள் அவள். வயிறு உப்பிய நாட்களில் வாய்க்குள் கைவிட்டு மருந்து தள்ளியவள் அவள். அந்த மூச்சின் சூடு எந்த நேரத்தில் எப்படியிருக்கும் என்று தன் மூச்சைப் போல அவளுக்குத் தெரியும். அந்த எருமை இன்னொருத்தியைப் பார்த்தால் குளிர்ந்துபோகிறது என்கிறார்கள். கட்டின புருசனைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தால் வாய்விட்டு அழுதாவது தீர்த்திருக்கலாம். எருமைக்காக யாரிடம் போய் அழுவது?

சாயங்காலம் சஷ்டிகா வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, இர்பான் சொன்னாருங்க. எனக்கு ஒன்னுமே புரியல. பணம் வந்தா அப்பிடியே உங்களுக்கு மாத்தி உட்டறேனுங்க்கா. நீங்க மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க."

அவள் சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குத்தான் வந்தது, நான் ஏன் விட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோகிலவாணி அவளை அங்கேயே ஒரு வழி பண்ணியிருப்பாள். இந்தக் கனிவை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"எனக்கென்னத்துக்கு உன்ற பணம். உன்ற பேருல வந்தது உன்னுதுதான்."

"அக்கா..."

"நாளையில இருந்து கட்டுத்தரப் பக்கம் வராத. அது போதும்."

சஷ்டிகா ஒரு கணம் நின்றாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனாள். போகிறவளின் செருப்புச் சத்தம் தேயும் வரை அல்லி காதை அந்தப் பக்கமே வைத்திருந்ததைக் கோகிலவாணி பார்த்தாள். 

சஷ்டிகா வரவில்லை. அடுத்த சில நாட்களிலேயே அல்லியின் விளக்கு மஞ்சளாகியது. தீவனத்தில் பாதியை மிச்சம் வைத்தது. பொழுது சாய்ந்தால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டது; கூப்பிட்டாலும் திரும்பவில்லை. பால் வண்டிக்காரர் அல்லியின் பால் கேனைத் தொடாமலே வண்டியை நகர்த்தினார். "மஞ்சளுங்க. எடுத்தா எனக்கு வேலை போயிரும்" என்றார். கறந்த பாலைக் கோகிலவாணி நாய்க்கும் கோழிக்கும் ஊற்றினாள். பூபதி ஒரு வார்த்தை பேசாமல் கீழ்க்கோடி வீட்டுக்குப் போய்த் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சஷ்டிகா தொட்டி விளிம்பில் உட்கார்ந்த சற்று நேரத்தில் பச்சை எரிந்தது. அதைக் கண்கொண்டு பார்க்க முடியாமல் கோகிலவாணி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் செய்து பார்க்காதது ஒன்றில்லை. நவநீதன் கல்யாணத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி எடுத்த ஊதாப் புடவை பெட்டியில் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு, சஷ்டிகா பூசும் அதே பவுடரை வாங்கிப் பூசிக்கொண்டு, கடலைப் பொட்டலத்தோடு தொட்டி விளிம்பில் போய் உட்கார்ந்தாள். பாட்டு முணுமுணுக்கக்கூடச் செய்தாள். அல்லி கிட்டே வந்து முகர்ந்தது. பெரிய ஈர மூக்கு அவள் தோளைத் தொட்டது. மூச்சை இழுத்துவிட்டுப் பார்த்தது. பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து கழுத்தை உயர்த்தி நின்றது. பட்டையில் மஞ்சள். சோளத்தட்டுக் கட்டோடு வந்த பூபதி அவளை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவள் பட்ட கூச்சம் கொஞ்சநஞ்சமல்ல. புடவையை அவிழ்த்துக் கொடியில் வீசினாள், அது கீழே விழுந்து மண்ணில் கிடந்தது.

மறுவாரம் தாராபுரத்துக்குப் போய் இர்பானின் அலுவலகத்தில் நின்றாள்.

"நேராச் சொல்லு தம்பி. அவ என்ன பண்றா, நான் என்ன பண்ணல?"

இர்பான் நாற்காலியை இழுத்துப் போட்டான். தயங்கித் தயங்கித்தான் பேசினான்.

"அவங்க ஒன்னுமே பண்றதில்லைங்க்கா. அதுதான் விசயம்."

"புரியல."

"பட்டைக்கு அன்பெல்லாம் தெரியாதுங்க. பயந்தா மாட்டு ஒடம்புல ஒரு சுரப்பு ஏறும். அது யாரு கிட்ட வந்தா எறங்குதுன்னு மட்டுந்தான் பாக்கும். ஊசி போடறப்ப மூக்கணாங்கயிறப் புடிக்கறது யாருங்க? நீங்க. கன்னுக்குட்டிய மடியில இருந்து இழுக்கறது? நீங்க. போன ரெண்டு ஈத்துலயும் கெடாக்கன்னை வண்டியில ஏத்துனது யாரு?"

கோகிலவாணி தன் கைகளைப் பார்த்தாள்.

எருமைகள் விடும் ஏப்பத்தால் காற்று சூடாகிறது என்று, ஒரு தோட்டத்துக்கு இத்தனை உருப்படிதான் என வாரியம் வரம்பு வைத்திருந்தது. பால் தராத கிடாக்கன்றுக்கு அந்த வரம்பில் ஒரு இடத்தைக் கொடுக்க எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. அதனால் கிடா பிறந்தால் வாரியத்தின் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. திருட்டு நடக்கக் கூடாது என்று, பேணுநர் தன் கையாலேயே கன்றை வண்டியில் ஏற்ற வேண்டும் என்றொரு விதியும் உண்டு.

"அது மறக்காதா தம்பி?"

"எருமை லேசுல மறக்காதுங்க்கா. எல்லா ஊர்லயும் இதே கூத்துதான். ஒரு பக்கம் பேணுநர்னு டீக்கடைக்காரர் பேரு வந்துருக்குது. இன்னொரு பக்கம் வேலியோரம் பஸ்ஸுக்கு நிக்கற காலேஜ் புள்ள பேரு. பாடுபடறவங்க பேரு எங்கயுமே வர்றதில்ல. மேல எழுதிப் போட்டுருக்கறோம். பாக்கறோம்னு சொல்லியிருக்கறாங்க."

"அப்ப, நாளைக்கு அவளே கன்னைப் புடிச்சு ஏத்துனா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. இர்பான் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"அவங்கள வெறுக்குமுங்க. அதுக்குத்தான் எல்லார்த்துகிட்டயும் சொல்றது, வண்டி வர்றப்ப தாயை அக்கட்டால ஓட்டிக் கட்டிப்போடுங்கன்னு. கண்ணுல படலீன்னா அவ்வளவு ஏறாது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் மனம் லேசாக இருந்தது. அல்லி தன்னைப் பிடிக்காமல் விலகவில்லை, அந்த இரண்டு கன்றுகளுக்காகத்தான் விலகுகிறது என்பது ஒரு ஆறுதல். இன்னொரு ஆறுதலும் உள்ளே இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவள் துணியவில்லை. அல்லி அப்போது சினை.

வீட்டுக்கு வந்ததும் கீழ்க்கோடிக்குப் போனாள். "சஷ்டி, நீதான் பேணுநர். அப்ப வேலையும் நீதான் படிக்கோணும். நான் சொல்லித் தர்றேன்" என்றாள். சஷ்டிகாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அக்காவின் கோபம் தீர்ந்ததென்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

அவள் வேகமாகக் கற்றுக்கொண்டது கோகிலவாணிக்கு இன்னொரு முள்ளாகக் குத்தியது. முதலில் தீவனம் கலக்கக் கற்றாள். மற்ற எருமைகளில் கறந்து பழகினாள். உதைபட்டு முழங்கால் கன்றிப்போய்க் கிடந்தாள், மறுநாள் காலையில் நொண்டிக்கொண்டு வந்து நின்றாள். விரல்கள் வெடித்தன. பேசிக்கொண்டே வேலை செய்வது அவள் வழக்கம். அல்லியிடம் பெங்களூர் கதையெல்லாம் சொல்வாள். தரகர் ஏமாற்றிய வீடு, மாடியில் வளர்த்த துளசி, தங்காமல் போன கருவைப் பற்றிக்கூட. கோகிலவாணி சாளைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். கருவைப் பற்றி அவளுக்கு அதுவரை தெரியாது. தெரிந்த பிறகும் அவள் மனம் அல்லியின் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு ஆசையாகக் கேட்கிறது பார் என்று.

ஒரு மத்தியானம் அல்லி கன்று ஈன்றது. தலை முன்னால் வராமல் சிக்கிக்கொண்டது. கோகிலவாணி கைவிட்டுத் திருப்ப, சஷ்டிகா அல்லியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். கன்று வெளியே வந்து விழுந்தது. சுத்தக் கறுப்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. சஷ்டிகா வைக்கோலால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன கன்னுங்க்கா?"

"கெடா" என்றாள் கோகிலவாணி. அந்தச் சொல்லைத் தன் வாய் எவ்வளவு ஆசையாகச் சொன்னது என்று அவளுக்குக் கேட்டது.

சஷ்டிகா அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்தாள். கிடாக்கன்றுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. கோகிலவாணி அதையும் சொல்லவில்லை. கன்று துள்ளித் துள்ளி சஷ்டிகாவின் புடவையைச் சப்பியது. அல்லி நக்கிக்கொண்டே நின்றது. பச்சை விளக்கு பகலெல்லாம் அணையாமல் எரிந்தது. ஊரிலேயே நல்ல பச்சை என்று பால் வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி வருகிற நாளும் வந்தது. சஷ்டிகா கன்றைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது கோகிலவாணி கட்டுத்தரைக்குப் போனாள். அல்லி வழக்கமாக நிற்பது உள்பக்கம், சோளத்தட்டுப் போரின் மறைவில். அங்கிருந்து பார்த்தால் வண்டித் தடம் தெரியாது. கோகிலவாணி கயிற்றை அவிழ்த்தாள். அல்லியை இழுத்துக்கொண்டு வந்து, தடத்தைப் பார்த்தபடி இருக்கும் முன்முளைக் குச்சியில் கட்டினாள். வெயில் படட்டும், உடம்புக்கு நல்லது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முடிச்சை ஒருமுறைக்கு இருமுறை இறுக்கினாள். இறுக்கும்போது தயங்கவே இல்லை. அதுதான் பிறகு பல நாள் அவளை உறுத்தியது.

வண்டி வந்து பலகையை இறக்கியது. சஷ்டிகா கன்றின் கழுத்தில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டுத்தரையைத் தாண்டும்போது அல்லியைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு மேலே நடந்தாள். அவள் நினைத்திருந்தால் ஆளை விட்டு அல்லியை உள்ளே ஓட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தெரியாமல்தான் சொல்லவில்லை என்று கோகிலவாணி நினைத்தாள். பலகையில் கன்று ஏற மறுத்துக் காலை ஊன்றியது. பின்னங்காலைத் தூக்கி சஷ்டிகாவே தள்ள வேண்டியிருந்தது. கன்று கத்தியது. அப்போது அல்லி கத்திய கத்தலில் அடுத்த தோட்டத்து எருமைகளும் எழுந்துவிட்டன. முளைக்கயிறு இழுபட்டு மூக்கில் ரத்தம் வந்தது. பட்டை சிவப்பாகி, வண்டி போய் வெகுநேரம் வரை சிவப்பாகவே இருந்தது.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் இர்பான் சொன்னபடிதான் நடந்தது. சஷ்டிகா கிட்டே வந்தால் அல்லி கழுத்தைத் தூக்கிக்கொண்டு கயிறு எட்டும் மட்டும் விலகியது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்தால் பின்புறத்தைக் காட்டி நின்றது. கறக்கப் போனால் பாலை உள்ளே இழுத்துக்கொண்டது. சஷ்டிகா ஒரு நாள் தடவப் போய்க் கொம்பு தட்டிக் கீழே விழுந்தாள். கோகிலவாணி வேலை ஏதும் செய்யாமல், வெறுங்கையோடு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கத் தொடங்கினாள். ஊசி, கயிறு, கறவை எல்லாவற்றுக்கும் பூபதியை அனுப்பினாள். முதலில் அல்லி சட்டை செய்யவில்லை. பிறகு காதைத் திருப்பியது. பிறகு ஒரு சாயங்காலம் நடந்து வந்து தன் கனத்த தலையை அவள் மடியில் இறக்கியது. சூடான மூச்சு முழங்காலில் பட்டது. கோகிலவாணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குனிந்து பார்த்தபோது கழுத்தில் பச்சை எரிந்தது.

அடுத்த முறை இர்பான் கருவியை வைத்ததும் பெயர் உடனே வந்துவிட்டது.

"உங்க பேருதாங்க்கா."

எத்தனையோ ராத்திரி புரண்டு படுத்து அவள் ஏங்கிய வார்த்தை அது. கேட்டதும் சந்தோஷம் பொங்கி வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. காரணம் இர்பான் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்ன அடுத்த பேச்சு.

"சஷ்டிகாக்கா சொன்ன மாதிரியே ஆயிப்போச்சுங்க."

"அவ என்ன சொன்னா?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" இர்பான் பையின் வாரை இழுத்து மாட்டினான். "கன்னு பொறந்ததுமே ஆபீசுக்கு வந்தாங்க. கெடாவ ஏத்துனா என்ன ஆகும்னு கேட்டாங்க. உங்ககிட்டச் சொன்னதத்தான் சொன்னேன். தாயை மறைச்சுக் கட்டிட்டு ஏத்துங்க, ஒன்னும் ஆகாதுன்னேன். சித்தே யோசன பண்ணீட்டு, பாத்தாத்தான பேரு மாறும்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். சரின்னுட்டுப் போயிட்டாங்க."

அவன் வண்டி கிளம்பிப் போன பிறகும் கோகிலவாணி அங்கேயே நின்றாள். அன்றைக்குக் கன்றோடு வந்தவள் கட்டுத்தரை முன்னால் நின்ற அந்த ஒரு கணம் அவள் கண்ணுக்குள் வந்தது. முன்முளையில் கட்டியிருந்த எருமையை அப்போது சஷ்டிகா பார்த்திருக்கிறாள். யார் மாற்றிக் கட்டியது என்று ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தான் வெறுத்து வெறுத்துப் பறித்ததை அவள் முன்கூட்டியே எடுத்து நீட்டியிருக்கிறாள். பறிக்கக்கூட விடவில்லை.

சாயங்காலம் சஷ்டிகா கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம், வெகுதூரம் சுற்றிக்கொண்டு, காட்டு வழியாகப் போய்க்கொண்டிருந்தாள். கோகிலவாணி அல்லியின் கழுத்தில் கையை வைத்தபடி கூப்பிட்டாள்.

"சஷ்டி. இக்கட்ட வா."

"வேண்டாங்க்கா. நான் வந்தா மஞ்சளாயிரும்." அவள் நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"இர்பான் சொன்னான்."

 சஷ்டிகா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். "உங்க மொகத்தப் பாக்க முடியலைங்க்கா. உங்கம்மா செத்தப்பக்கூட நீங்க அப்பிடி இருக்கல. எனக்கு அது வந்து போறதுக்கு ஒரு சாக்கு. உங்களுக்கு அதுதான எல்லாம்."

"சாக்கா?"

"பேசறதுக்குங்க்கா. இங்க வந்ததுல இருந்து நான் பேசறத யாரு கேட்டா? அது கேட்டுச்சு."  சுற்றிய தலைப்பை அவிழ்த்துவிட்டாள். "அது உடுங்க. பொட்டு ஏறறப்பத்தான் மனசு கேக்கல. ஒரு தடவ திரும்பிப் பாத்துச்சு."

கோகிலவாணிக்குச் சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. நான்தான் மாற்றிக் கட்டினேன், தெரிந்தேதான் கட்டினேன் என்று. நீ வந்து உட்கார், விளக்கு எந்த நிறத்தில் எரிந்தால் என்ன, என்னிடம் பேசு என்று. அல்லி அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிதானமாக அசைபோட்டது. அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்றுமில்லாமல் வரப்பில் நிற்கிற சஷ்டிகா மேலிருந்த பொறாமை முன்னைவிட இப்போதுதான் அதிகமாக எரிந்தது. அவள் அல்லியை வைத்திருந்தபோதுகூட இவ்வளவு எரியவில்லை. அவளால் அப்படிக் கொடுக்க முடிகிறது. தன்னால் கையை எடுக்கக்கூட முடியவில்லை.

"பொழுது போகுதுங்க்கா. வரட்டுங்களா?" என்றாள் சஷ்டிகா.

"பாத்துப் போ" என்றாள் கோகிலவாணி. "அந்தப் பக்கம் முள்ளு கெடக்குது."

"சரிங்க்கா."

சஷ்டிகா குனிந்து தரையைப் பார்த்துப் பார்த்துக் காலை எடுத்து வைத்தாள். தூரத்தில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் அல்லி அசைபோடுவதை நிறுத்திக் காதை அந்தப் பக்கம் திருப்பியது. கோகிலவாணி அதன் காதை உள்ளங்கையால் மெல்ல மூடிக்கொண்டாள்.